ஃபேன் கிளச் போல்ட்டில் திரெட் லாக்கர்: எங்கே போடலாம், எங்கே கூடாது? (கேள்வி பதில்)

லாரி எஞ்சின் வேலையில் 27 ஆண்டுகளாக இருக்கிறேன். ஃபேன் கிளச் (எஞ்சின் சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டர் விசிறியின் வேகத்தை மாற்றும் பாகம்) மாட்டும்போது திரெட் லாக்கர் (போல்ட் தளராமல் மரையைப் பூட்டும் பசை) போடுவது பற்றிப் பலரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பட்டறைகளில் இதை எந்த நிறுவனத்துச் சரக்காக இருந்தாலும் 'லாக்டைட்' என்றே சொல்கிறோம்.

கேள்வி (லாரி உரிமையாளர், நாமக்கல்): புது ஃபேன் கிளச் மாட்டிய மெக்கானிக் நான்கு போல்ட்டிலும் லாக்டைட் விட்டார். முன்பு வேலை பார்த்தவர் அதைத் தொட்டதே இல்லை. யார் செய்தது சரி?

உங்கள் வண்டியில் நான்கு போல்ட் இருப்பதால் இப்போது செய்தவர் செய்தது சரி. ஆனால் எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. ஃபேன் கிளச் இரண்டு விதமாகப் பொருத்தப்படுகிறது. ஒன்றில், கிளச்சின் பின்புறத் தட்டு நான்கு போல்ட்டாலோ ஸ்டட்டாலோ (தலையில்லாத போல்ட்) ஃபேன் ஹப்பில், அதாவது விசிறியைத் தாங்கிச் சுழலும் மையப் பகுதியில், இறுக்கப்படும். போல்ட்டுகள் சிறியவை, அதிர்வு அதிகம் என்பதால், நடுத்தர வலுவுள்ள (நீல நிற) திரெட் லாக்கர் ஒன்றிரண்டு சொட்டு இங்கே நல்ல காப்பு. மற்றதில், நடுவில் உள்ள ஒரே பெரிய நட் நேராகத் தண்டின் மரையில் ஏறும். எஞ்சின் சுற்றும்போது அது தானாகவே இறுகிக்கொள்ளும்படி மரை வெட்டப்பட்டிருப்பதால் அதற்குப் பசை தேவையில்லை. போட்டுவிட்டால், அடுத்த முறை கழற்றும்போது புல்லியைப் பிடித்து நிறுத்தி அந்த நட்டை அடித்துத் திருப்ப வேண்டி வரும். அந்த அடியை வாங்குவது உள்ளே இருக்கும் பேரிங்தான். பெரிய நட்டில் இடமரை, வலமரை எஞ்சினுக்கு எஞ்சின் மாறும் என்பதால், ஸ்பானர் வைப்பதற்கு முன்பே சர்வீஸ் மேனுவலில் திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில நிறுவனங்களின் புதுப் போல்ட்டுகளில் மரையின் மீதே காய்ந்த நிறப்பூச்சு ஒன்று இருக்கும். அதுவும் பூட்டும் பசைதான். அதன்மேல் மறுபடியும் ஊற்றக் கூடாது.

கேள்வி (மெக்கானிக், சங்ககிரி): சிவப்பு லாக்டைட் அதிக வலு என்கிறார்கள். அப்படியிருக்க நீலத்தை ஏன் போட வேண்டும்?

ஃபேன் கிளச் ஒருநாள் கழன்று வர வேண்டிய பொருள் என்பதுதான் காரணம். 242, 243 போன்ற எண்ணுள்ள நீல வகை சாதாரண ஸ்பானருக்குக் கழன்று வரும். 271 போன்ற சிவப்பு வகையைக் கழற்ற, அந்த இடத்தைச் சுமார் 250 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். கிளச்சுக்குள் சிலிகான் திரவம், முகப்பில் வெப்பத்துக்கு வளையும் ஈருலோகத் தகடு, சுற்றிலும் பெரும்பாலும் பிளாஸ்டிக் விசிறி, பின்னால் பேரிங்கும் சீலும் இருக்கின்றன. அந்த இடத்தில் கேஸ் நெருப்பைக் காட்ட முடியாது. எஞ்சின் அறைச் சூட்டுக்கு நீலம் தாங்காது என்ற பேச்சும் இருக்கிறது. அது தவறு, நீலம் 150 டிகிரி வரை தாங்கும், ஃபேன் ஹப் அவ்வளவு சூடாவதில்லை. நிறத்தை மட்டும் நம்பி வாங்காமல், குப்பியில் எழுதியுள்ள எண்ணையும் வலுவையும் படித்துப் பாருங்கள்; எல்லா நிறுவனங்களும் ஒரே நிற வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை.

கேள்வி (ஐடிஐ மாணவர்): குப்பியில் திரவமாக இருப்பது போல்ட்டுக்குள் போனதும் எப்படிக் கெட்டியாகிறது?

காற்று இருக்கும்வரை இது கெட்டியாகாது. மரைகளுக்கு இடையே காற்று இல்லாமல் போய், அதோடு உலோகத்தின் தொடர்பும் கிடைத்தால்தான் இறுகும். 1953-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வெர்னன் கிரீபிள் என்ற வேதியியல் பேராசிரியர் உருவாக்கிய பசை இது. புதுக் குப்பியும் பாதியளவே நிரம்பியிருப்பதைப் பார்த்துக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம். உள்ளே காற்று இருக்க வேண்டும் என்பதற்காகவே இடம் விட்டிருக்கிறார்கள். துத்தநாகப் பூச்சுள்ள போல்ட்டிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் இது மெதுவாகவே இறுகும்.

கேள்வி (ஓட்டுநர், சேலம்): திரெட் லாக்கர் போட்டு மாட்டிய ஃபேன் பத்தே நாளில் ஆடத் தொடங்கியது. சரக்கு போலியா?

போலியாகவும் இருக்கலாம். ஆனால் நான் பார்த்தவரை குற்றம் பெரும்பாலும் மரையைச் சுத்தம் செய்த விதத்தில்தான் இருக்கிறது. தொப்பூர் கணவாய் ஏறும்போது விசிறி ரேடியேட்டரைக் கிழித்துவிட்ட ஒரு வண்டி எங்களிடம் இழுத்து வரப்பட்டது. நான்கு போல்ட்டில் ஒன்று காணவில்லை, இரண்டு தளர்ந்திருந்தன. அவற்றில் ஒன்றை விரலாலேயே சுற்றிக் கழற்றினேன். மரையின் பள்ளத்தில் நீலப் பசை அப்படியே ஈரமாக, டீசலோடு கலந்து சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருந்தது. பசை சரியாக இறுகியிருந்தால் கழற்றும்போது காய்ந்த தூளாக உதிரும். விசாரித்தபோது, டீசலில் நனைத்த துணியால் போல்ட்டைத் துடைத்து, அந்த ஈரத்தின் மேலேயே பசையை விட்டு மாட்டியிருந்தது தெரியவந்தது. 243 வகை லேசான எண்ணெய்ப் பசையைப் பொறுத்துக்கொள்ளும். டீசலில் குளித்த மரையில் எந்த வகையும் பிடிக்காது. பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, போல்ட்டையும் ஹப்பின் துளையையும் நன்றாக உலரவிட்ட பிறகே பசை போட வேண்டும். பழைய போல்ட்டானால், காய்ந்த பசையைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்துவிட வேண்டும்.

அந்த வண்டியில் இன்னொரு தவறும் இருந்தது. ஹப்பின் துளைகள் மறுபக்கம் திறக்காத மூடுதுளைகள். இப்படிப்பட்ட துளையில் பசையைப் போல்ட்டில் மட்டும் தடவினால், உள்ளே அடைபடும் காற்று அதை வெளியே தள்ளிவிடும். துளைக்குள் அடிவரை இறங்கும்படி சில சொட்டு விட்டு மாட்டினால்தான் மரை முழுவதும் நனையும்.

கேள்வி: பசை போட்டால் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) வேண்டாம்தானே? கூடவே ஸ்பிரிங் வாஷரும் போடலாமா?

டார்க் ரெஞ்ச் கட்டாயம் வேண்டும். போல்ட் இழுபட்டு இரண்டு தட்டுகளையும் அழுத்திப் பிடிப்பதுதான் இணைப்பின் பலம். அந்தப் பிடி நழுவாமல் காப்பது மட்டுமே பசையின் வேலை. மேனுவலில் உள்ள அளவுக்கே இறுக்குங்கள். ஈரப்பசை மரையில் எண்ணெய் போல வழுக்குவதால், கை உணர்வை நம்பி இறுக்குபவர்கள் அளவைத் தாண்டிப் போய்ப் போல்ட்டை முறித்துவிடுகிறார்கள். ஸ்பிரிங் வாஷரைப் பொறுத்தவரை, 1969-இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யூங்கர், போல்ட்டுக்குக் குறுக்காக வரும் அதிர்வே அதைத் தளர்த்துகிறது என்று சோதித்துக் காட்டினார். அவர் வகுத்த முறையில் பின்னர் நடந்த சோதனைகளில் சாதாரண ஸ்பிரிங் வாஷர் அந்தத் தளர்வைத் தடுக்கவில்லை. நிறுவனம் வாஷரோடு அனுப்பியிருந்தால் வாஷரோடே மாட்டுங்கள், நீங்களாகச் சேர்க்க வேண்டாம்.

கேள்வி (லாரி உரிமையாளர், திருச்செங்கோடு): மாட்டியதும் லோடு ஏற்றி அனுப்பலாமா?

நம் ஊர் வெயிலில் பத்து இருபது நிமிடத்தில் பசை பிடித்துக்கொள்ளும். முழு வலு வர ஒரு நாள் ஆகும். அவசரமென்றாலும் சில மணி நேரமாவது விடுங்கள், மாலையில் மாட்டிக் காலையில் அனுப்புவது இன்னும் நல்லது. பிடிக்கத் தொடங்கிய பிறகு "இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்ப்போம்" என்று போல்ட்டைத் திருப்பினால் பசை உடைந்துவிடும். அப்படித் திருப்பிவிட்டீர்கள் என்றால் கழற்றி, சுத்தம் செய்து, மறுபடியும் போட வேண்டியதுதான்.

கேள்வி: எத்தனை முறை பசை போட்டாலும் ஃபேன் போல்ட் தளர்கிறது. என்ன செய்வது?

பசையை விட்டுவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, பேட்டரி இணைப்பைக் கழற்றிய பின் விசிறியின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஹப் பேரிங்கோ வாட்டர் பம்ப் பேரிங்கோ தேய்ந்திருந்தால் ஆட்டம் கையில் தெரியும். விசிறி இறக்கை ஒன்றில் விரிசலோ உடைசலோ இருந்தால் சமநிலை கெட்டு ஹப் முழுவதும் அதிரும். ஹப்பும் கிளச்சும் ஒட்டும் முகத்தில் துருவோ பெயிண்டோ இருந்தால், அது நசுங்கி உதிர உதிரப் போல்ட்டின் பிடி குறைந்துகொண்டே வரும். இந்த மூன்றையும் பார்த்துச் சரிசெய்யாமல் நான் எந்த வண்டியிலும் பசைக் குப்பியைத் திறப்பதில்லை.