பார்வை தெளிவாக இருக்கும்போது கிளாக்கோமாவுக்கு ஆபரேஷன் எதற்கு?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது, கிளாக்கோமா (பெரும்பாலும் கண்ணுக்குள் பிரஷர் கூடிப் பார்வை நரம்பு கெடும் நோய்) இருக்கிறது. மூன்று வகை சொட்டு மருந்து போட்டும் வலது கண்ணில் பிரஷர் 24-க்குக் கீழே இறங்கவில்லை. ட்ராபெக்யுலெக்டமி என்ற ஆபரேஷனைச் செய்யச் சொல்கிறார்கள். "கடைசி வரி வரைக்கும் படிக்கிறேன், எனக்கு எதுக்கு ஆபரேஷன்?" என்கிறார் அப்பா. செய்தால் பார்வை கூடுமா? தள்ளிப்போடலாமா?

பதில்: பார்வை கூடாது. கண்புரை ஆபரேஷனைப் போல மறுநாள் பளிச்சென்று தெரியும் என்று அப்பா எதிர்பார்க்கக் கூடாது. இது இருக்கிற பார்வையைக் காப்பாற்றுவதற்கான ஆபரேஷன். பட்டுப்போன பார்வை நரம்பு திரும்ப முளைக்காது. அதனால்தான் நன்றாகப் படிக்க முடிகிற இந்த நேரத்திலேயே செய்யச் சொல்கிறார்கள்.

சுவரில் எழுத்துப் படிக்கிற சோதனை நடுப்பார்வையை மட்டும்தான் அளக்கும். கிளாக்கோமா பெரும்பாலும் அதைக் கடைசியில்தான் தொடும். அதற்குள் பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும். ஒரு கண்ணின் குறையை மற்றக் கண் ஈடுகட்டிவிடுவதால் நோயாளிக்கே தெரியாது. அப்பாவின் பழைய விஷுவல் ஃபீல்ட் (பக்கவாட்டுப் பார்வையையும் அளக்கும் சோதனை) தாளையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டும்படி மருத்துவரிடம் கேளுங்கள். கறுப்புப் பகுதி பரவியிருந்தால் அப்பா கண்ணாலேயே பார்த்துப் புரிந்துகொள்வார். நாம் ஆயிரம் சொல்வதைவிட அது மேல்.

தேதி குறிக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். மூன்று மருந்தையும் அடுத்தடுத்து ஊற்றிக்கொள்கிறாரா? ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும், இல்லையென்றால் முதல் மருந்து வழிந்து போய்விடும். வேளை தவறியிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், மருத்துவரின் முடிவே மாறக்கூடும். எல்லாம் ஒழுங்காகப் போட்டும் 24 என்றால், நரம்பும் தேய்ந்துகொண்டே போகிறது என்றால், தள்ளிப்போடாதீர்கள். நரம்பு அதிகம் கெட்டவர்களுக்கு பிரஷர் 12, 13 அளவுக்கு இறங்க வேண்டியிருக்கும். அந்த நிலையில் பிரஷரைக் குறைக்கும் லேசர் சிகிச்சை மட்டும் பல நேரம் போதாது.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்? கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேற, மேல் இமைக்கு அடியில் வெள்ளை விழியில் ஒரு புது வழி திறக்கிறார்கள். நீர் அங்கே மெல்லிய சவ்வின் கீழ் சிறு கொப்புளம் போலத் தேங்கி, மெதுவாக உறிஞ்சப்படும். இதை பிளெப் என்போம். பெரும்பாலும் கண்ணை மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்வதுதான்.

ஆனால் நான் எல்லாக் குடும்பத்திடமும் அழுத்திச் சொல்வது அதற்குப் பிறகு வரும் வாரங்களைப் பற்றி. வேறு எந்த ஆபரேஷனிலும் புண் சீக்கிரம் ஆற வேண்டும் என்று வேண்டிக்கொள்வோம். இதில் முழுசாக ஆறிவிட்டால் திறந்த வழி அடைத்துக்கொள்ளும், பிரஷர் மறுபடி ஏறும். அதைத் தடுக்கத்தான் ஆபரேஷனின்போதே மைட்டோமைசின் என்ற மருந்தை வைக்கிறோம், பிறகு வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சொட்டு கொடுக்கிறோம், தேவைப்பட்டால் லேசரால் தையலைத் தளர்த்துகிறோம். முதல் மாதம் அடிக்கடி வரச் சொல்வது இதற்காகத்தான். "வலி இல்லை, நல்லாத்தான் இருக்கு" என்று செக்கப்புக்குப் போகாமல் விட்டால், நன்றாகச் செய்த ஆபரேஷனும் வீணாகலாம். கூட்டிப்போக ஆள் இருக்கிற மாதமாகப் பார்த்துத் தேதி வாங்குங்கள்.

முதல் சில வாரம் பார்வை மங்கலாக இருக்கலாம், பிரஷர் ரொம்பக் குறைந்தும் போகலாம். கண்புரை சீக்கிரம் முற்றவும் வாய்ப்பு உண்டு. கண்ணைத் தேய்க்கக் கூடாது, மருத்துவர் சொல்லும்வரை குனிந்து பாரம் தூக்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பிளெப் உள்ளவரை தொற்று அபாயமும் உண்டு. ஐந்து வருடம் கழித்தானாலும் அந்தக் கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பீளை தள்ளினாலோ, பார்வை குறைந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக் காத்திருக்க வேண்டாம்.

வழி அடைத்துவிட்டால் மறுபடி சரிசெய்யலாம், அல்லது சின்னக் குழாய் பொருத்தலாம். மதுரையில் கண் மருத்துவப் பொருள்கள் செய்யும் அரோலேப் நிறுவனம் தயாரிக்கும் குழாய் வந்தபின் அதற்கான செலவும் பலருக்குக் கட்டுப்படியாகிறது.

அப்புறம், இது குடும்பத்தில் வரக்கூடிய நோய். அப்பாவின் கூடப்பிறந்தவர்களும், 40 வயதை நெருங்கினால் நீங்களும், கண் பிரஷரோடு பார்வை நரம்பையும் சேர்த்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பிரஷர் சாதாரண அளவில் இருந்தே நரம்பு கெடுகிறவர்களும் இருக்கிறார்கள்.