மாதிரி ரயில் பக்கம்: தொலைந்த பாகங்களுக்கு என்ன வழி?

கேள்வி: ஐயா, இங்கே ஒரு கராஜ் சேலில் பழைய எச்.ஓ. அளவு (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) மரச் சரக்குப் பெட்டி கிட் ஒன்று வாங்கினேன். பக்கப் பலகை, கூரை, அடித்தளம் இருக்கின்றன. அடித்தளத்தின் இரு முனையிலும் கம்பி கோக்க நான்கு நான்கு துளைகள். பிரேக் பாகங்கள், சக்கரங்கள், செய்முறைத் தாள் எதுவுமே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?
- வாசகர், நியூ ஜெர்சி

பதில்: அந்தத் துளைகளிலிருந்தே தொடங்குங்கள். மரச் சட்டத்தில் செய்த பெட்டி நடுவில் தொய்ந்துவிடாமல் இருக்க அடியில் இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பிகளுக்கான இடம் அது. டிரஸ் ராடு என்பார்கள். எஃகுச் சட்டம் பரவியதும் அந்தக் கம்பிகளுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. ஆகவே உங்கள் கையில் இருப்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்துப் பெட்டியின் மாதிரி. இனி வாங்கும் ஒவ்வொரு பாகமும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். என் வேலை மேசையில் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் இது.

பிரேக்கைப் பாருங்கள். அன்றைய கே வகையில் சிலிண்டர், காற்றுத் தொட்டி, வால்வு மூன்றும் பெரும்பாலும் ஒரே உடலாகச் சேர்ந்திருக்கும். 1930களில் வந்த ஏ.பி. வகையில் மூன்றும் தனித்தனி. டிச்சி நிறுவனம் இரண்டையும் பிளாஸ்டிக்கில் செய்கிறது. கேட்டு, கே வகையையே வாங்குங்கள். டிரக் எனப்படும் நாலு சக்கரத் தொகுதிக்கு ஆர்ச்பார் ரகம் பொருந்தும். பட்டை இரும்பை வளைத்து போல்ட் போட்டு முடுக்கியது போலத் தெரியும்.

டிரஸ் ராடுக்கு மெல்லிய மீன்பிடி நைலான் நூலே போதும். விறைப்பாக இழுத்து ஒட்டி, கறுப்பு அடித்துவிடுங்கள். நடுவில் முடுக்கும் டர்ன்பக்கிள் தனியாகக் கிடைக்கிறது. கைப்பிடிகளை 0.3 மி.மீ. பித்தளைக் கம்பியில் நீங்களே வளைக்கலாம். நிஜத்தில் 18 அங்குலம் என்றால் 87-ல் ஒரு பங்காக 5 மி.மீ. சொச்சம். பலகையில் எழுத்து அச்சிட்டிருந்தால் அந்தப் பக்கம் உப்புத்தாள் படவே கூடாது. அச்சு போனால் அந்த கிட்டின் உயிரே போன மாதிரி. பலகை வளைந்திருந்தால் பின்பக்கம் லேசாக ஈரம் காட்டி, கனமான புத்தகத்துக்கு அடியில் காய விடுங்கள். பிறகு உள்பக்கமும் ஈரம் புகாமல் தடுக்கும் சீலர் பூசுங்கள். பூசாவிட்டால் மறுபடி வளையும்.

முடிந்தால் ஒரு சனிக்கிழமை பென்சில்வேனியாவில் ஸ்ட்ராஸ்பர்க் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். நிஜப் பெட்டிகளின் அருகில் நின்று, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று பார்க்கலாம். செய்முறைத் தாள் இல்லாத குறை பெருமளவு தீரும்.

கேள்வி: என் பழைய கிட்டில் உலோக முனைச்சுவர் ஒன்று வெடித்து, தொட்டால் உதிர்கிறது. மற்றொன்று நன்றாக இருக்கிறது. ஒட்டிப் பார்க்கலாமா?
- வாசகி, டெலவேர்

பதில்: வேண்டாம் அம்மா. அந்தச் சுவர் துத்தநாகக் கலவையில் வார்த்ததாக இருக்கலாம். அதில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரிக்கும். ஈரப்பதம் அதை வேகப்படுத்தும். நிறுத்த வழி கிடையாது. நன்றாக இருக்கும் சுவரும் அதே வார்ப்பாக இருக்கலாம், அதனால் தள்ளிப்போடாமல் இப்போதே நகல் எடுங்கள். சிலிகான் ரப்பரில் அச்சு எடுத்து, ரெசின் என்ற திரவப் பிளாஸ்டிக்கை ஊற்றினால் சில நிமிடங்களில் இறுகிவிடும். ஜன்னலைத் திறந்துவைத்து, கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். இரண்டு சுவர்களையுமே ரெசினில் செய்துவிடுவது நல்லது. ஒன்றைக் கவனியுங்கள்: கை பிரேக் சக்கரம் ஒரு முனையில் மட்டும்தான் வரும். அசல் சுவரில் அதற்கான மேடு இருந்தால் இரண்டாவது நகலில் சீவி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மரப் பெட்டி எடை இல்லாமல் வளைவில் தடம் புரள்கிறது. எவ்வளவு சேர்க்கலாம்?
- வாசகர், மேரிலாந்து

பதில்: அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. எச்.ஓ. அளவுக்குச் சொல்லும் கணக்கு, அடிப்படை 1 அவுன்ஸ், அப்புறம் நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 40 அடிப் பெட்டி மாதிரியில் ஐந்தரை அங்குலம் வரும். அதற்கு மூன்றே முக்கால் அவுன்ஸ், ஏறக்குறைய 106 கிராம். கூரையை ஒட்டுவதற்கு முன்பே, இரும்பு நட்டுகளை டிரக்குகளுக்கு மேலே தரையோடு தரையாக ஒட்டிவிடுங்கள்.