போன் வெளியே போனதும் வீடு காலி என்று யார் சொன்னது?

கேள்வி: நாங்கள் கனடாவில், மிசிசாகாவில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். கணவரின் அப்பா அம்மா, அதாவது மாமாவும் அத்தையும், பெற்றோர் நீண்ட நாள் வந்து தங்க இங்கே தருகிற சூப்பர் விசாவில் கோவையிலிருந்து நவம்பரில் வந்தார்கள். வீட்டுச் சூடு இத்தனை டிகிரி இருக்க வேண்டும் என்று வைக்கிற தெர்மோஸ்டாட், போனிலும் இயக்கலாம், எங்கள் வீட்டில் இருக்கிறது. காலையில் நாங்கள் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே வீடு ஜில்லிட ஆரம்பிக்கிறது என்கிறார் அத்தை. மாமா போய் 27ல் வைக்கிறார். என் கணவர் ஆபீஸிலிருந்து போனில் பார்த்துவிட்டு 19க்கு இறக்குகிறார். மாலையில் நான் வந்தால் அத்தை ஸ்வெட்டருக்கு மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போர்வைக்குள் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், "இத்தனை வருஷம் நாம இருக்கலையா, கேஸ் பில் யார் கட்டறது" என்கிறார் இவர். போதாததற்கு, கோடையில் கரண்ட் கம்பெனியே நம் ஏசியைக் குறைத்துக்கொள்ளும் திட்டம் ஒன்றில் சேரலாம் என்கிறார். யார் பக்கம் நியாயம்? (வாசகி, மிசிசாகா)

பதில்: கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ஜில்லிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது. உங்கள் கணவர் போனை எடுப்பதற்கு முன்பே வீடு குளிர ஆரம்பித்துவிடுகிறது. அப்படியென்றால் முதலில் இறக்குவது அவர் இல்லை, தெர்மோஸ்டாட். அதைப் பொறுத்தவரை உங்கள் வீட்டில் இப்போது யாருமே இல்லை.

இந்த வகைக் கருவிகள் வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்பதை இரண்டு விதமாகத் தெரிந்துகொள்கின்றன. ஒன்று, அதில் பதிந்திருக்கும் போன்கள் வீட்டு எல்லையைத் தாண்டிப் போய்விட்டனவா என்று பார்ப்பது. இன்னொன்று, கருவிக்கு உள்ளேயே இருக்கும் சென்சார், எதிரே யாராவது நடமாடுகிறார்களா என்று பார்ப்பது. உங்கள் வீட்டில் பதிந்திருப்பது அநேகமாக உங்கள் இருவர் போன் மட்டும்தான், அவை இரண்டும் எட்டரைக்கெல்லாம் ஹைவேயில் இருக்கும். தெர்மோஸ்டாட் மாட்டியிருப்பது கீழே ஹாலில் அல்லது நடைபாதைச் சுவரில். அத்தையும் மாமாவும் மாடி அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தால் அந்தச் சென்சார் கண்ணுக்கு அவர்கள் தட்டுப்பட வழியே இல்லை. உடனே அது 'அவே', அதாவது வீட்டில் ஆள் இல்லை என்று முடிவு செய்து, வாங்கிய புதிதில் யாரோ 16 என்றோ 17 என்றோ வைத்துவிட்டு மறந்துபோன எண்ணுக்கு இறங்கிவிடும். இரண்டு பேரும் வேலைக்குப் போய், வீடு பகலெல்லாம் பூட்டிக் கிடந்த காலத்துக்கு அது சரி. இப்போது பெரியவர்கள் இரண்டு பேர் உள்ளே இருக்கிறார்கள்.

அதனால் இன்று ராத்திரியே இரண்டு பேரும் உட்கார்ந்து ஆப்பைத் திறங்கள். உங்கள் தெர்மோஸ்டாட் நெஸ்ட் கம்பெனி என்றால் ஹோம் அவே அசிஸ்ட், ஈகோபீ என்றால் ஸ்மார்ட் ஹோம் அண்ட் அவே என்ற பெயரில் இருக்கும், அணைத்துவிடுங்கள். மாமாவின் போனையும் சேர்த்துவிட்டால் போதாதா என்று தோன்றும். சேர்க்கலாம்தான், ஆனால் மாமா அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மாலுக்கு நடக்கப் போனால் அத்தைக்கு ஹீட் நின்றுபோகும், வேண்டாம். அப்புறம் வார நாள் அட்டவணையில் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை தனியாக ஒரு குறைந்த எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஒன்றை அணைத்துவிட்டு இன்னொன்றை விட்டுவைத்தால் நாளைக்கும் இதே கதைதான்.

இனி மாமாவின் 27. அதிகமாக வைத்தால் சீக்கிரம் சூடேறும் என்று அவர் நினைக்கிறார், உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். சுவரில் இருப்பது வெறும் சுவிட்ச். சூடு வேண்டும் என்றால் உள்ளே இரண்டு ஒயரைச் சேர்க்கும், போதும் என்றால் பிரிக்கும். வீடு முழுக்கச் சூடான காற்றை அனுப்புகிற கேஸ் அடுப்புதான் ஃபர்னஸ். சாதாரண ஒற்றை வேக ஃபர்னஸ் எரிந்தால் ஒரே அளவில்தான் எரியும், நீங்கள் 21 கேட்டாலும் சரி 27 கேட்டாலும் சரி, 21ஐத் தொட ஆகிற நேரம் ஒன்றுதான். வித்தியாசம் என்னவென்றால் 27 என்று வைத்தால் அது 21ல் நிற்காமல் கேஸைக் குடித்துக்கொண்டே போகும். அந்த 27ஐப் போனில் பார்த்ததும் உங்கள் கணவருக்கு பில் கண்முன் வருகிறது, 19 என்று அழுத்துகிறார். அவ்வளவுதான், வீடு 19க்கு ஆறுகிற வரை ஃபர்னஸ் மூச்சுவிடாது, வெளியே மைனஸ் பத்து என்றால் ஜன்னல் ஓரத்திலும் தரையிலும் அந்தக் குளிர் நன்றாகவே தெரியும். மாமா மறுபடி எழுந்து போகிறார். தானே 16க்கு இறங்கிய கருவிக்குப் பதிலாக, பாவம், அப்பாவும் மகனும் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அத்தையின் அறை தனிக் கதை. தெர்மோஸ்டாட்டுக்குத் தெரிந்ததெல்லாம் அது மாட்டியிருக்கும் சுவரைச் சுற்றியிருக்கும் காற்று மட்டும்தான். பக்கத்தில் சமையலறை இருந்து மதியம் அடுப்பு எரிந்தால் அதற்கு அதுவே சொர்க்கம், ஹீட்டை நிறுத்திவிடும். கராஜுக்கு மேலே இருக்கிற அறையோ பேஸ்மென்ட் அறையோ அந்த நேரத்தில் மூன்று டிகிரி குறைவாக இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கி அத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. ஹாலில் 21, அறையில் 18 என்று காட்டினால் அதை உங்கள் கணவரே பார்க்கட்டும். அதோடு அந்த அறையின் தரையில் சூடான காற்று வருகிற சல்லடை மாதிரி தட்டு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். ஊரிலிருந்து வந்த பெரிய சூட்கேஸ் இரண்டும் சரியாக அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும் என்பது என் சந்தேகம்! கட்டிலோ திரைச்சீலையோ மறைத்தாலும் இதே கதிதான்.

அதற்குப் பிறகும் குளிர்ந்தால் ரூம் சென்சார் வாங்கலாம். அந்தந்தக் கம்பெனி தெர்மோஸ்டாட்டுக்கு அந்தந்தக் கம்பெனி சென்சார்தான் பொருந்தும். ராத்திரி ஹாலை விட்டுவிட்டு அத்தை அறையின் சென்சாரைப் பார்த்து வேலை செய் என்று அட்டவணையில் சொல்லிவிடலாம். ஆனால் ஒன்று, சென்சார் அந்த அறைக்குச் சூட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்காது. ஒரே ஃபர்னஸ், ஒரே குழாய் வழி, அத்தை அறை 21ஐத் தொடும்போது உங்கள் அறை 23 ஆகியிருக்கும், போர்வையை உதறிவிட்டுப் படுக்க வேண்டியதுதான். அது ஒத்துவராது என்றால் அந்த ஒரு அறைக்கு மட்டும் எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் ஹீட்டர் வாங்கிப் போடுங்கள். நேரத்துக்கு ஏற்ற கட்டணத்தில் இருப்பவர்களுக்கு உங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் இரவு ஏழு முதல் காலை ஏழு வரை மின்சாரம் மலிவு. நேராகச் சுவர் பிளக்கில்தான் செருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் ஒயர் கூடவே கூடாது.

ஈரப்பதத்தையும் பாருங்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுகிற வீட்டில் காற்று காய்ந்துபோகிறது, தோல் வெடிக்கிறது, மூக்கு எரிகிறது, அதே 21 டிகிரி இன்னும் குளிராகத் தெரிகிறது. மீட்டரில் 30 முதல் 40 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஃபர்னஸில் காற்றுக்கு ஈரம் சேர்க்கிற ஹ்யூமிடிஃபையர் இருந்து, அது பல வருஷமாக மூடியே கிடக்கிற வீடுகள் நிறைய.

உங்கள் கணவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியாது. ஒரு நாளில் எட்டு மணி நேரம் ஏழு முதல் பத்து ஃபாரன்ஹீட், அதாவது நான்கு முதல் ஐந்தரை செல்சியஸ் வரை குறைத்துவைத்தால் வருஷத்துக்குப் பத்து சதவீதம் வரை மிச்சமாகலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்கிறது. அந்தக் கணக்கு வீடு காலியாக இருக்கும் எட்டு மணி நேரத்துக்கும், எல்லோரும் கனமான போர்வைக்குள் தூங்கும் நேரத்துக்கும் போட்டது. உங்கள் வீடு இப்போது பகலில் காலியாகவே இல்லை, எதைக் குறைப்பது? இத்தனை வருஷம் நாம் இருக்கவில்லையா என்கிறாரே, இருந்தது முப்பது சொச்சம் வயது உடம்பு. குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்க வேண்டும், முதியவர்களுக்கு அதற்கும் மேலே தேவைப்படலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018ல் சொல்லியிருக்கிறது. அதிலும் கோவை வெயிலில் அறுபது எழுபது வருஷம் பழகிய உடம்பு. ராத்திரி வேண்டுமானால் ஒன்றிரண்டு டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள், பகலில் கைவைக்க வேண்டாம்.

நான் சொல்வது இதுதான்: வீட்டுக்குள் இருக்கிறவர் கைதான் மேலே. போன், ஆள் இல்லாத வீட்டுக்கு. மாமா இடத்தில் நின்று பாருங்கள். எழுந்து போய் ஒரு எண் வைக்கிறார், திரும்பி வந்து உட்கார்வதற்குள் அது தானாக மாறியிருக்கிறது, வீட்டில் வேறு யாரும் இல்லை. மகன்தான் என்று அவருக்குத் தெரியும், ஆனால் மகன் ஒரு வார்த்தை பேசவில்லை. இவருக்கு அது கேஸ் பில், அவருக்கு அது மகன் வீட்டில் தனக்கு இருக்கும் இடம். இறக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் முதலில் அப்பாவுக்கு ஒரு போன் போட்டு, "குளுருதாப்பா?" என்று கேட்கட்டும். பிரிந்துபோன கணவன் போனிலிருந்தே வீட்டுத் தெர்மோஸ்டாட்டை ஏற்றி இறக்கி மனைவியை வதைத்த சம்பவங்களை நியூயார்க் டைம்ஸ் 2018ல் எழுதியிருந்தது. உங்கள் வீட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, உங்கள் கணவர் சிக்கனக்காரர், அவ்வளவுதான். ஆனாலும் தூரத்திலிருந்து ஒரு விரலால் இன்னொருவரைக் குளிரவைக்க முடிகிற கருவி அது என்பது அவர் நினைவில் இருக்கட்டும்.

பில் பயத்துக்கும் வழி இருக்கிறது. தெர்மோஸ்டாட்டுக்குப் பூட்டுப் போட்டு, இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரைக்கும்தான் மாற்றலாம் என்று வைக்கிற வசதி நெஸ்டில் உண்டு. 20க்கும் 23க்கும் நடுவே மாமா எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். அதை ஒளித்துச் செய்யாதீர்கள், அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே செய்யுங்கள். ஒரு டிகிரி கூட்டி முக்கால் மணி நேரம் பொறுக்கச் சொல்லுங்கள். தமிழில் ஒரு சீட்டு எழுதிப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். ஆபீஸ் நேரத்தில் உங்கள் கணவர் போனுக்கு அந்த ஆப்பிலிருந்து எந்த நோட்டிஃபிகேஷனும் வர வேண்டாம்.

கோடைத் திட்டம் என்று நீங்கள் சொல்வது பீக் பெர்க்ஸ் என்று நினைக்கிறேன், ஒன்டாரியோவில் 2023ல் ஆரம்பித்தது. சென்ட்ரல் ஏசியும் அவர்கள் பட்டியலில் உள்ள தெர்மோஸ்டாட்டும் இருந்தால் சேரலாம், சேர்வதற்குச் சன்மானமும் தருகிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை, வார நாட்களில், அதிகம் போனால் பத்து தடவை, மின்சாரத் தேவை உச்சத்துக்குப் போகும்போது உங்கள் ஏசியை அவர்கள் சில டிகிரி ஏற்றிவைப்பார்கள். வேண்டாம் என்று தோன்றினால் அந்த நேரமே மாற்றிக்கொள்ளலாம். எல்லா ஊரிலும் எல்லா நாளும் இப்படி விடுவதில்லை. 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் கொலராடோவில் இதே மாதிரித் திட்டத்தில் சேர்ந்திருந்த சுமார் 22,000 வீடுகளில் தெர்மோஸ்டாட்டைத் தொட்டாலும் மாறாதபடி சில மணி நேரம் பூட்டிவிட்டார்கள், கடும் வெயில் நாள் வேறு. அதனால் விதிமுறையில் விலகும் உரிமை இருக்கிறதா என்று படித்துவிட்டுச் சேருங்கள், அன்றைக்கு எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று மாமாவுக்கும் காட்டிவிடுங்கள். அத்தைக்கோ மாமாவுக்கோ இதயக் கோளாறு ஏதாவது இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம், அவர்கள் ஏசியைக் குறைக்கிற நாள்தான் ஊரிலேயே அதிகம் கொளுத்துகிற நாளாக இருக்கும்.

இதைப் படித்துவிட்டு புதுசாகப் போன் தெர்மோஸ்டாட் வாங்கக் கிளம்புகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. பழைய தெர்மோஸ்டாட்டின் மூடியைக் கழற்றி சி என்று எழுதிய இடத்தில் ஒயர் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் பல கருவிகளுக்குத் தொடர்ந்து கரண்ட் கிடைக்காது, அடாப்டர் வைக்க வேண்டிவரும். சுவரோரம் நீளமாக ஓடுகிற பேஸ்போர்டு எலெக்ட்ரிக் ஹீட்டர் வீடு என்றால் இவற்றின் பக்கமே போகாதீர்கள். அங்கே ஓடுவது 240 வோல்ட், ஃபர்னஸ் தெர்மோஸ்டாட் 24 வோல்ட்டுக்குச் செய்தது. அதற்கென்று தனியாக விற்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய நெஸ்ட்டையும் வாங்க வேண்டாம், முதல் இரண்டு தலைமுறைக் கருவிகளுக்கு கூகுள் 2025 அக்டோபர் 25ஓடு போன் இணைப்பை நிறுத்திவிட்டது, சுவரில் கையால் திருப்பலாம், அவ்வளவுதான்.

உங்கள் கணவர் ஆசைதீரப் போனில் பார்த்துக்கொள்ள ஒரு நேரம் வரும். எல்லோருமாக ஒரு டிசம்பரில் கோவைக்குப் போகும்போது வீட்டை 15ல் வைத்துவிட்டுப் போங்கள், வெப்பம் அதற்கும் கீழே சரிந்தால் எச்சரிக்கை வருகிற மாதிரி ஆப்பில் போட்டுவையுங்கள். ஃபர்னஸ் நின்று குழாயில் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடித்து வீடே நாசமாகிவிடும். ஆனால் நின்ற ஃபர்னஸைக் கோவையிலிருந்து போனால் ஓட்டிவிட முடியாது, கரண்ட்டோ வைஃபையோ போய்விட்டால் எச்சரிக்கையும் வராது. அதனால் தண்ணீர் மெயின் வால்வை மூடிவிட்டு, பக்கத்து வீட்டில் ஒரு சாவியும் ஃபர்னஸ் மெக்கானிக் நம்பரும் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். ஆள் இல்லாத வீட்டை இத்தனை நாளுக்கு ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் பாலிசியில் நிபந்தனை இருக்கும், அதையும் டிக்கெட் போடுவதற்கு முன்பே எடுத்துப் படித்துவிடுங்கள்.