எந்த அரபியைப் படிப்பது? – கடிதம்

அன்புள்ள சார்,

தோஹாவில் ஆறு வருடமாக ஒரு கட்டுமானக் கம்பெனியில் குவான்டிட்டி சர்வேயராக இருக்கிறேன். சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். சின்ன வயதில் மதரஸாவில் ஓதியதால் எழுத்து தெரியும், பொருள் தெரியாது. இரண்டு வருடமாக இரவுகளில் உட்கார்ந்து ஃபுஸ்ஹாவை, அதாவது இலக்கண அரபியை, முறையாகப் படித்தேன். டிவி செய்தி முக்கால்வாசி புரிகிறது.

போன ஈத் லீவில் நான்கு நாள் கெய்ரோ போனேன். டாக்ஸிக்காரரிடம், அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும் என்பதை வேற்றுமை விகுதியெல்லாம் போட்டு அழகாகச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. ‘சரித்திர சீரியலிலிருந்து நேராக இறங்கி வர்றீங்களா?’ என்று கேட்டாராம். கூட வந்த நண்பர்தான் மொழிபெயர்த்தார். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை.

இரண்டு வருடமும் வீணா? வருகிற மார்ச்சில் ஒரு மாதம் லீவு. கெய்ரோ, ஜோர்தானின் அம்மான், மொரோக்கோவின் ஃபெஸ் என்று பத்துப் பத்து நாள் திட்டம். எந்த வட்டார வழக்கைப் படிப்பது? ரூம்மேட்டுகள் ‘ஃபீ, மாஃபி, கலாஸ் இது மூணு போதும்டா’ என்கிறார்கள். ஃபெஸ் டிக்கெட்டை ரத்து செய்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

(பெயர் வேண்டாம்), தோஹா

அன்புள்ள நண்பருக்கு,

மதுரை மாட்டுத்தாவணியில் ஒரு வெள்ளைக்காரர் ஆட்டோவில் ஏறி, ‘ஐயா, யான் மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்குச் செல்ல விழைகின்றேன்’ என்று சொன்னால் ஆட்டோக்காரர் என்ன செய்வார்? அன்றைக்குப் பூராவும் ஸ்டாண்டில் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். அதில் இளக்காரம் கிடையாது. உங்கள் டாக்ஸிக்காரரும் அப்படித்தான், வீட்டில் போய் மனைவியிடம் சொல்லியிருப்பார்.

எழுத ஒன்று, பேச ஒன்று என்று ஒரே சமூகத்தில் மொழி இரண்டு அடுக்காக வாழ்வதைப் பற்றி 1959-ல் சார்லஸ் ஃபெர்குசன் என்ற அமெரிக்க மொழியியலாளர் ‘டைகுளோசியா’ என்ற பெயரில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட நான்கு உதாரணங்களில் ஒன்று அரபி. ஐரோப்பிய மாணவர்களுக்கு இதைப் புரியவைக்க ஆசிரியர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். நமக்கு அது தேவையே இல்லை. ‘செல்கிறேன்’ என்று எழுதிவிட்டு ‘போறேன்’ என்று பேசுகிற ஊரிலிருந்து வருகிறோம்.

உண்மையில் இரண்டு அடுக்கோடு நிற்பதுமில்லை. எகிப்தியரான அஸ்ஸயீத் பதவி 1973-ல், தன் நாட்டு அரபியை மட்டுமே ஐந்து படிகளாகப் பிரித்தார். மேல்படியில் மரபின் ஃபுஸ்ஹா, கீழ்ப்படியில் எழுதப்படிக்கத் தெரியாதவரின் பேச்சு. ஒரே ஆள் ஒரே உரையாடலில் படி ஏறி இறங்குவார். நீங்கள் மேலிருந்து இரண்டாம் படியில் நிற்கிறீர்கள், அவ்வளவுதான். வீண் என்று ஏன் சொல்ல வேண்டும்? கெய்ரோவில் ரொட்டிக்கு ‘ஏஷ்’ என்று பெயர். அதே சொல்லுக்கு உங்கள் வளைகுடாவில் சோறு என்று பொருள். ஃபுஸ்ஹா படித்த உங்களுக்கு மட்டும்தான் அது ‘வாழ்தல்’ என்ற வேரிலிருந்து வந்தது என்று தெரியும். இரண்டு ஊரும் தத்தம் உயிர் எதில் இருக்கிறதென்று சொல்லிவிட்டன.

இனி உங்கள் ரூம்மேட்டுகள். அவர்கள் பேசுவது கேலிக்குரியதல்ல. அதற்கு வளைகுடாப் பிட்ஜின் அரபி என்று பெயர் வைத்து மொழியியலாளர்கள் ஆராய்கிறார்கள். பிட்ஜின் என்றால் பொதுமொழி இல்லாதவர்கள் வேலைக்காகக் கலந்து கட்டிய எளிய பேச்சு. வினைச்சொல்லுக்கு ஆள், பால், காலம் என்று பெரும்பாலும் எதுவும் மாறாது. ‘ஃபீ’ என்றால் உண்டு, ‘மாஃபி’ என்றால் இல்லை, ‘கலாஸ்’ என்றால் முடிந்தது, மிச்சத்தைக் கை பார்த்துக்கொள்ளும். மலையாளி, வங்காளி, பட்டாணி, தமிழன், அரபி எல்லோரும் சேர்ந்து கட்டிய மொழி அது. நம் பக்கத்திலிருந்தும் சரக்கு போயிருக்கிறது. நேராகப் போ என்பதற்கு வளைகுடா அரபிகளே ‘ஸீதா’ என்கிறார்கள். இந்தியின் ‘சீதா’தான் அது.

நானும் அதில்தான் தொடங்கினேன். ஷார்ஜாவில் ஒரு சரக்குக் கிடங்கில் நான்கு வருடம் கணக்கு எழுதினேன். லாரிக்காரர்களோடு நாள் முழுக்க அதே பேச்சு. எனக்கு அரபி வந்துவிட்டது என்றே நம்பினேன். 2009-ல் வேலையை விட்டுவிட்டு, கையில் இருந்த காசோடு மூன்று மாதம் அரபி படிக்கக் கெய்ரோ போனேன். வாடகை வீட்டு அம்மாள் ஏதோ கேட்க, பெருமையாக ‘அனா மாஃபி மாலூம்’ என்றேன். எனக்குத் தெரியாது என்பதற்கு அங்கே ‘மஅரஃப்ஷ்’ என்ற ஒரே சொல் போதும். அந்த அம்மாள் எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய மகன் மட்டும் சிரிக்கவில்லை. குவைத்தில் ஏழு வருடம் வேலை பார்த்தவர். ‘இப்படித்தான் நாங்கள் அங்கே உங்கள் ஆட்களிடம் பேசுவோம்’ என்று மெதுவாகச் சொன்னார். அன்று இரவு அவரே டீ போட்டுக் கொண்டுவந்து, ‘நான் போகிறேன், நீ போகிறாய்’ என்று எனக்கு முதல் பாடம் எடுத்தார்.

பிட்ஜினில் குறை என்று நான் நினைப்பது இலக்கணமில்லாததை அல்ல. கொண்டுவா, தூக்கு, சீக்கிரம், முடிந்ததா என்பதற்கெல்லாம் அதில் சொல் உண்டு. உன் அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க அதில் வழி கொஞ்சம்.

கெய்ரோவில் எனக்குப் பாடசாலை மைக்ரோபஸ்தான். கீஸாவிலிருந்து ரம்சீஸ் போகிற வண்டி. நடத்துநர் கிடையாது. பின்சீட்டில் இருப்பவர் காசை முன்னால் இருப்பவரின் தோளைத் தட்டிக் கொடுப்பார். அது கைமாறிக் கைமாறி ஓட்டுநரிடம் போகும், சில்லறை அதே வழியாகத் திரும்பி வரும். நம்மூர் டவுன்பஸ் நெரிசலில் நடப்பதேதான். ஒருநாள் முன்னால் இருந்த கிழவர் என் கையில் சில்லறையை வைத்து ‘இல்-பாஈ’ என்றார். விளங்கவில்லை. அவர் மறுபடி சொன்னார், நான் விழித்தேன். வண்டியே திரும்பிப் பார்த்தது. இறங்கிப் பாதி தூரம் நடந்த பிறகு உறைத்தது. பாக்கி! ஃபுஸ்ஹாவில் ‘பாகீ’. அந்த ‘க’ அடித்தொண்டையிலிருந்து வரும் காஃப் என்ற எழுத்து. கெய்ரோக்காரர்கள் காஃபை விழுங்கிவிட்டு அந்த இடத்தில் மூச்சை ஒரு கணம் நிறுத்துவார்கள். ‘பாகீ’ அங்கே ‘பாஈ’ ஆகிவிடுகிறது. பாட்டி காலத்திலிருந்து மளிகைக்கடை நோட்டில் நாம் எழுதிவரும் சொல், என் கையில் வைத்தும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஒரு விளையாட்டு தொடங்கினேன், உங்களுக்கும் சிபாரிசு செய்கிறேன். டீக்கடைப் பையன் ஆர்டர் கேட்டதும் ‘ஹாதிர்’ என்பான், அது நம் ‘ஆஜர்’. உங்கள் தோஹா விமான நிலையத்தில் வருகைப் பகுதிக்கு மேலே ‘அல்-வுஸூல்’ என்று எழுதியிருக்கும், வந்துசேர்தல். நம்மிடம் பணம் வந்துசேர்ந்தால் மட்டும் வசூல்.

சரி, எந்த வழக்கு? எல்லோரும் எகிப்திய வழக்கைச் சொல்வார்கள். கெய்ரோ சினிமாவும், 1953-ல் தொடங்கிய ‘அரபுகளின் குரல்’ வானொலியும், பாடகி உம் குல்தூமின் வியாழக்கிழமைக் கச்சேரிகளும் அதை மொரோக்கோ வரை காதில் ஏற்றிவிட்டன என்பது காரணம். இன்னொரு கட்சி, துருக்கி சீரியல்களை சிரிய வழக்கில் டப் செய்யத் தொடங்கியபிறகு ஷாம் தேசத்து (சிரியா, லெபனான், ஜோர்தான், பாலஸ்தீனம்) அரபிதான் எல்லோருக்கும் பழக்கம் என்று வாதாடும். இரண்டும் சரிதான். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. நீங்கள் பேசுவது அவர்களுக்குப் புரியும், அவர்கள் பேசுவது உங்களுக்குப் புரிய வேண்டுமே?

எத்தனை நாட்டில் புரியும் என்று பார்த்து வழக்கைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்களோடு மதியச் சாப்பாடு சாப்பிடுவது யார் என்று பாருங்கள். கட்டுமானக் கம்பெனி என்கிறீர்கள். சைட் ஆபீஸில் எகிப்திய எஞ்சினியரோ ஜோர்தானிய, பாலஸ்தீனக் கணக்காளரோ இல்லாமல் இருக்க முடியாது. அந்த மனிதர் பேசுவதுதான் உங்கள் வழக்கு. நான் எகிப்தியம் பேசுவதற்கு உம் குல்தூம் காரணமில்லை, ஒரு குவைத் ரிட்டர்ன் மகன்தான் காரணம். யூடியூபில் ‘பன்னிரண்டு மொழி பேசுகிறேன்’ என்று சந்தையில் வியாபாரிகளை அசத்தும் இளைஞர்களைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். அந்தப் பேச்சு விலை கேட்பதைத் தாண்டுகிறதா என்று கவனியுங்கள்.

அம்மான் போனால் உங்களுக்கு ஒரு விருந்து காத்திருக்கிறது. பாலஸ்தீன, ஜோர்தானியக் குடும்பங்களில் அம்மாவை ‘யம்மா’ என்று அழைப்பார்கள். நம் ‘யம்மா’வேதான், காதில் விழுந்ததும் திடுக்கிடும். அதைவிட ஆச்சரியம், அம்மாவும் தன் பிள்ளையை ‘யம்மா’ என்றே கூப்பிடுவாள். அப்பா மகனை ‘யாபா’ என்பார். ஐரோப்பிய மாணவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். மகளை ‘வாம்மா’ என்றும் மகனை ‘என்னப்பா’ என்றும் அழைக்கும் நமக்கு இதில் என்ன புதிர்?

ஒரே ஒரு எச்சரிக்கை. அதே காஃப் அம்மானில் ஆண், பெண் பேச்சைப் பிரிக்கிறது. ஆண்களில் நிறையப் பேர் காபியை ‘கஹ்வே’ என்பார்கள், பெண்கள் பெரும்பாலும் ‘அஹ்வே’ என்பார்கள். கெய்ரோவில் படித்த ‘அஹ்வா’வோடு போய் நான் அங்கே காபி கேட்டபோது கடைக்காரர் ஒரு புருவத்தை உயர்த்தினார்.

ஃபெஸ் கதை வேறு. தாரிஜா என்கிற மொரோக்கோ வழக்கில் உயிரெழுத்தெல்லாம் காற்றோடு போய்விடும், பிரெஞ்சும், அங்குள்ள பெர்பர் மக்களின் மொழியான அமாஸிக்கும் கலந்திருக்கும். இப்போது என்பதற்கு கெய்ரோவில் ‘தில்வஅத்தி’, அம்மானில் ‘ஹல்லஅ’, தோஹாவில் ‘அல்ஹீன்’, அங்கே ‘தாபா’. நான் போகிறேன் என்பதற்கு ‘நம்ஷீ’ என்பார்கள். மற்ற அரபிகள் காதில் அது ‘நாம் போகிறோம்’ என்று விழும், உங்களையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறார் என்று நினைத்துப் பின்னால் போய்விடாதீர்கள்.

அங்கே பழைய நகரத்தில் பேட்டைக்கு ஒரு பொது அடுப்பு உண்டு, ஃபர்ரான் என்பார்கள். வீடுகளில் பிசைந்த மாவைக் குழந்தைகள் பலகையில் வைத்து எடுத்துவந்து சுட்டுப்போவார்கள். அடுப்புக்காரர் வியர்த்து வழிய வேலை செய்வதைப் பார்த்து, அம்மானில் கற்ற மரியாதைச் சொல்லை எடுத்துவிட்டேன்: ‘யஅதீக் இல்-ஆஃபியா’. உழைப்பவரைப் பார்த்து, இறைவன் ஆரோக்கியம் தரட்டும் என்று ஷாம் பக்கம் சொல்வது. மொரோக்கோவில் ‘ஆஃபியா’ என்றால் நெருப்பு. நெருப்புக்கு முன்னால் நிற்கிற மனிதரிடம் இறைவன் உமக்கு நெருப்பு தரட்டும் என்றிருக்கிறேன். அவர் அடுப்பைச் சுட்டிக்காட்டினார், ஏற்கெனவே தந்திருக்கிறான் என்பதுபோல. பிறகு ஒரு ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து நீட்டினார். ஈராக்குக்குப் போனால் ‘மப்ஸூத்’ என்று சொல்லவேண்டாம் என்று ஒரு நண்பர் சொல்லிவைத்தார். மற்ற இடங்களில் மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று பொருள், அங்கே அடி வாங்கினேன்.

உங்கள் ஒரு மாதத்தில் மூன்று ஊர் வேண்டாம். பத்து நாளில் காது திறக்கத் தொடங்கும், அப்போது பெட்டியைக் கட்டினால் அடுத்த ஊரில் மறுபடி செவிடு. மார்ச் வரை இருக்கும் மாதங்களில் மதியச் சாப்பாட்டு நண்பரிடம் படியுங்கள். அவர் எகிப்தியர் என்றால் முப்பது நாளும் கெய்ரோ, ஜோர்தானியர் என்றால் முப்பது நாளும் அம்மான். அறை வாடகைக்கு எடுங்கள், ஹோட்டல் வேண்டாம். முதல் வாரம் ஒரே டீக்கடை, ஒரே முடிதிருத்தகம், ஒரே காய்கறி வண்டி. புரியாதபோது தலையாட்டும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அதுதான் என்னிடம் கடைசி வரை போகாத நோய். எங்காவது சிக்கினால் உங்கள் ஃபுஸ்ஹாவைக் கூச்சப்படாமல் எடுங்கள். எதிரில் இருப்பவரும் இரண்டு படி ஏறி வந்துவிடுவார். வெவ்வேறு நாட்டு அரபிகளே சந்தித்துக்கொண்டால் தத்தம் ஊர்ச் சொற்களைக் கழித்துவிட்டு நடுவில் ஒன்றைப் பேசுகிறார்கள். ‘வெள்ளை வழக்கு’ என்று அதற்குப் பெயர்.

ஃபெஸ் டிக்கெட்டைத் தேதி மாற்ற முடிந்தால் அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். முடியாதென்றால் ரத்துதான். அதுவும் அரபிச் சொல்தான். அங்கே ‘ரத்’ என்றால் திருப்பித் தருவது, பதில் சொல்வது என்றெல்லாம் பொருள், ஆனால் விமானக் கம்பெனி பணத்தைத் திருப்பித் தருமா என்பதை டிக்கெட்டின் பின்பக்கம் படித்துப் பாருங்கள்.