சாப்பிட்டதும் வயிறு உப்பிக்கொண்டால், பருப்பைத் திட்டும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்

மதியம் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வயிறு பானைபோல ஆகிவிடுகிறது, உருளைக்கிழங்கையும் பருப்பையும் விட்டும் குறையவில்லை, இன்னும் எதை விடவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவன் அல்லன். கும்பகோணத்தில் ஒரு மருந்துக்கடையில் 18 ஆண்டுகளாக மாத்திரை எடுத்துக் கொடுப்பவன். மதியம் இரண்டரை மணிக்கு மேல் ஒரு கையைத் தொப்புளுக்கு மேலே வைத்துக்கொண்டு கடைப்படி ஏறுபவர்களை நாள் தவறாமல் பார்க்கிறேன். "பருப்பு ஒத்துக்கொள்ளவில்லை" என்பார்கள். பாவம் பருப்பு! சம்பா அறுவடைக்கு முன்பே ஈர வயலில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுகிற மண் இது. இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் கடப்பா வைத்தால் அதில் பாசிப்பருப்பு, திருவையாற்று அசோகா அல்வாவைக் கிளறினால் அதிலும் பாசிப்பருப்பு. பருப்பை விட்டுவிட்டு இங்கே எங்கே போவது?

எனக்கும் இதே பொருமல் இரண்டு ஆண்டுகள் இருந்தது. நானும் உருளைக்கிழங்கைத்தான் முதலில் ஒதுக்கினேன். ஒரு நாள் அம்மா கேரியரைத் தானே எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார். சாம்பார் சாதம், ரசம், மோர், எல்லாம் முடிந்தது. நடுவில் இரண்டு தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொன்னேன், ஒருவருக்கு ஃபிரிட்ஜிலிருந்து இன்சுலின் எடுத்துக் கொடுத்தேன். அம்மா சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். 1.40-க்கு உட்கார்ந்தவன் 1.46-க்குக் கை கழுவியிருக்கிறேன். "நீ வாயில் போட்டாயா, நேராக வயிற்றில் போட்டாயா?" என்று கேட்டுவிட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவசரமாக விழுங்கும்போதும், பேசிக்கொண்டே சாப்பிடும்போதும் சோற்றோடு காற்றும் உள்ளே போகிறது. அதில் ஒரு பகுதி ஏப்பமாக வெளியேறும், மிச்சம் உள்ளேயே சுற்றும். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரச் சுமார் 20 நிமிடம் ஆகும் என்பதால், ஆறு நிமிடத்தில் சாப்பிடுபவன் தேவைக்கு மேல் இரண்டு கரண்டி போட்டுக்கொள்வதும் இயல்புதான். நான் கடைப்பிடித்தது ஒரே ஒரு விதி: வாயில் இருக்கும் கவளம் இறங்கிய பிறகே அடுத்த கவளத்தைப் பிசைவது. முதல் வாரம் பெரிய தண்டனையாக இருந்தது. இரண்டாவது வாரத்தில் பேன்ட் இடுப்பு இறுக்குவது குறைந்துவிட்டது.

இன்னொன்று, உப்பிக்கொண்டவுடன் பன்னீர் சோடா குடிப்பது. பெரிய ஏப்பம் வந்ததும் நிம்மதியாக இருக்கும். ஆனால் வெளியே வருவதில் பெரும்பகுதி நீங்கள் சற்றுமுன் காசு கொடுத்துக் குடித்த கரியமில வாயுதான். நுரைத்துப் பொங்கும் உப்புப் பொட்டலமும் ஏறக்குறைய அதே கதை. நெஞ்செரிச்சல் இருந்தால் அதற்குப் பயன்படும், ஆனால் அதில் சோடியம் அதிகம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தினமும் வாங்க வந்தால் நான் கொடுக்கத் தயங்குவேன். முதலாளிக்கு இது பிடிக்காது.

அடுத்தது பால். டிகிரி காபி ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி வயது ஏற ஏறப் பலருக்கும் குறைந்துவிடும். செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிரிகளுக்கு விருந்தாகிறது, வாயு உண்டாகிறது. சாப்பிட்ட கையோடு ஒரு பெரிய டம்ளர் காபி குடிப்பவரானால் பத்து நாள் அதை மட்டும் நிறுத்திப் பாருங்கள். மோரை நிறுத்தவேண்டியதில்லை. உறைந்த தயிரில் லாக்டோஸ் குறைவு, அதைத் தண்ணீர் விட்டுக் கடைந்த மோரில் இன்னும் குறைவு.

இனி பருப்புக்கு வருகிறேன். அதன்மீது குற்றமே இல்லை என்று சொல்லமாட்டேன். பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. அவற்றைச் செரிக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது, அதனால் அவையும் பெருங்குடலில் போய்ப் புளிக்கும். மொச்சை, கொண்டைக்கடலை போன்றவற்றை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் இவை ஓரளவு குறைகின்றன. "சத்து போய்விடும்" என்று அந்தத் தண்ணீரிலேயே வேகவைக்கிறவர்களுக்கு வாயுவும் சேர்ந்தே கிடைக்கும். கடப்பா சாப்பிட்டு அவதிப்படுபவர்கள் அதிலுள்ள வெங்காயம், பூண்டையும் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

பெருங்காயம், சீரகத் தண்ணீர், ஓமத் திரவம் எல்லாம் கடையிலும் வீட்டிலும் ஓடுகின்றன, எனக்கும் இதமாகவே இருக்கின்றன. இஞ்சி இரைப்பை காலியாவதை விரைவுபடுத்துகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. எங்கள் ஊர் வெற்றிலையையும் மென்று பார்க்கலாம், 2025-இல் புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை அது. பாக்கு மட்டும் வேண்டாம். பாக்கைப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் உதவியது பத்து நிமிட நடை. மகாமகக் குளத்தை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். சித்திரை வெயிலில் அதைச் செய்யச் சொல்லமாட்டேன், அப்போது நான் கடைக்குள்ளேயே அலமாரிகளுக்கு இடையில் நடப்பேன். மலச்சிக்கல் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள், அது இருக்கும்வரை எதுவும் வேலை செய்யாது.

எடை காரணமில்லாமல் குறைவது, மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, 50 வயதைத் தாண்டிய பெண்களுக்குப் புதிதாகத் தொடங்கி வாரக்கணக்கில் நீடிக்கும் உப்புசம், இவற்றில் எது இருந்தாலும் கடைக்கு வராமல் மருத்துவரிடம் போங்கள். போன ஐப்பசியில் ஒருவர் சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து, நெஞ்சுக்குழியைப் பிடித்துக்கொண்டு "வாயுதான், ஒரு மாத்திரை கொடுங்கள்" என்றார். இடது தோளும் வலிக்கிறதா என்று கேட்டேன், தலையாட்டினார். மாத்திரை கொடுக்கவில்லை, ஆட்டோவைக் கூப்பிட்டு ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினேன். அது மாரடைப்பு. இப்போது மாதம் தவறாமல் இதய மாத்திரைச் சீட்டோடு வருகிறார், வாயுவைப் பற்றிப் பேசுவதே இல்லை.