கோத்தகிரியிலிருந்து ஒரு கேள்வி: லைன்பேக்கரின் தலை

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் அமெரிக்கக் கால்பந்தை விடாமல் பார்க்கிறான், பள்ளியில் ரக்பியும் ஆடுகிறான். லூக் கீக்லி என்ற லைன்பேக்கர் 28 வயதிலேயே ஏன் விலகினார்? தலையில் அடிபட்டால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
- வாசகி, கோத்தகிரி

பதில்: லைன்பேக்கர் நிற்பது தடுப்பு வரிசைக்குச் சில கஜம் பின்னால். பந்து அசைந்ததும் எதிரணியின் கார்டு (முன்வரிசையில் நின்று வழி திறந்துவிடும் வீரர்) எந்தப் பக்கம் நகர்கிறார் என்று பார்த்து, ஓட்டமா பாஸா என்று கணித்து, பந்தோடு வருபவரை மோதி வீழ்த்துவது அவர் வேலை. கரோலினா பாந்தர்ஸ் அணியின் கீக்லி அந்தக் கணிப்பில் மன்னர். 2013-இல் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர். 2015, 2016, 2017 என்று மூன்று சீசனிலும் தலை அடியால் சில ஆட்டங்களை இழந்தார். 2020 ஜனவரியில் ஓய்வு. பிறகு அதே அணிக்கு வீரர்களை எடைபோடும் வேலை, வானொலி வர்ணனை. அந்த ஓய்வு மிகச் சரியான முடிவு.

இன்னொரு லைன்பேக்கர் ஜூனியர் சேயாவ் 1990 முதல் 2009 வரை 20 சீசன் ஆடினார். அணிகளின் காயப் பட்டியலில் தலையதிர்ச்சி (கன்கஷன், அடியால் மூளை குலுங்குவது) என்று ஒரு முறைகூட அவர் பெயர் இல்லை. 2012-இல், 43 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பரிசோதனையில் மூளையில் சி.டி.இ. என்ற சிதைவு நோய் தெரிந்தது. சாவுக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் மயக்கம் போடவைக்கும் பெரிய அடி மட்டுமல்ல, வருடக்கணக்கில் சேரும் சிறு மோதல்களும் இந்த நோய்க்கு வழிவிடுகின்றன. ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது.

உங்கள் மகனுக்கு: தலையில் அடிபட்டு, தடுமாற்றமோ குழப்பமோ தெரிந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு. மெதுவாக நடக்கலாம், செல்போன் வேண்டாம். அடுத்து லேசான ஓட்டம், மோதலில்லாத பயிற்சி, மருத்துவர் அனுமதித்தபின் மோதல் பயிற்சி, கடைசியில் போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தலைவலி கூடினால் ஒரு படி கீழே இறங்குங்கள். சி.டி. ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் தலையதிர்ச்சி இருக்கலாம்.

மலையில் ஒரு தவறு அடிக்கடி நடக்கும். தலைவலியைப் 'பனி பிடிச்சிருக்கு' என்றும், மேட்டுப்பாளையம் இறங்கும்போது வரும் வாந்தியை வளைவுகளால் வந்தது என்றும் விட்டுவிடுகிறோம். அடிபட்டபின் திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், கண்மணிகளின் அளவில் வித்தியாசம், கைகால் பலவீனம் - இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.