எந்தக் கோர்ட், எந்த மேசை, எத்தனை நாள்? ஓய்வுபெற்ற சிரஸ்தாரிடம் கேளுங்கள்

முன்சீப் கோர்ட்டில் நகல் பிரிவு எழுத்தராகச் சேர்ந்து, மாவட்ட நீதிமன்ற சிரஸ்தாராக, அதாவது அலுவலகத் தலைமை எழுத்தராக, ஓய்வு பெற்றவன் நான். வக்கீல் இல்லை. கேஸ் ஜெயிக்குமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வழக்குக் கட்டு எந்த மேசையில் தொடங்கி எங்கே போய் நிற்கும் என்பது அத்துப்படி.

ஐயா, முன்சீப் கோர்ட், சப் கோர்ட், ஜில்லா கோர்ட் என்கிறார்கள். என் வரப்புத் தகராறு எங்கே போகும்? (ஒரத்தநாடு வாசகர்)

தம்பி, சொத்து எங்கே இருக்கிறதோ அந்த ஊர் எல்லைக்குள் வரும் கோர்ட்தான். அதற்குள் வழக்கின் மதிப்பைப் பார்த்து முன்சீப்பா, சப் கோர்ட் எனும் சார்பு நீதிமன்றமா, மாவட்ட நீதிமன்றமா என்று பிரியும். மதிப்பு வரம்பைச் சட்டத் திருத்தம் மூலம் அவ்வப்போது உயர்த்துவார்கள். அதனால் பழைய தொகையை யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். சிறு தாலுகாக்களில் சிவிலையும் கிரிமினலையும் ஒரே நீதிபதி பார்ப்பதுண்டு. மாவட்ட நீதிபதியும் அப்படித்தான். சிவில் கட்டு வந்தால் அவர் மாவட்ட நீதிபதி, கொலை வழக்கு வந்தால் அமர்வு நீதிபதி.

பட்டாவை ஆர்.டி.ஓ. ரத்து செய்துவிட்டார். அதுவும் கோர்ட்தானே? (அறந்தாங்கி வாசகர்)

இல்லை. அது வருவாய்த் துறை. தாசில்தார் உத்தரவுக்கு மேல் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.), அவருக்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.). பட்டாவில் யார் பெயர் இருக்க வேண்டும் என்பதை அவர்கள் பார்ப்பார்கள். நிலம் யாருக்குச் சொந்தம் என்று சொல்லும் அதிகாரம் சிவில் கோர்ட்டுக்கு மட்டும்தான். இந்த வித்தியாசம் தெரியாமல் பத்து வருடம் தாலுகா ஆபீஸ் படியேறியவர்களை எனக்குத் தெரியும்.

ஐயா, அண்ணன் பாகப்பிரிவினை கேஸ் போட்டிருக்கிறார். அமீனா (சம்மன் கொடுக்கும் கோர்ட் ஊழியர்) சம்மன் கொண்டு வந்தார். கையெழுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று வாங்காமல் அனுப்பிவிட்டேன். சரிதானே? (தென்காசி வாசகி)

அம்மா, இதைத்தான் நான் வாழ்நாள் முழுக்க எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். வாங்க மறுத்தால் அமீனா அதைக் கதவில் ஒட்டிவிட்டு, “மறுத்தார், ஒட்டிச் சார்வு செய்தேன்” என்று எழுதிக் கோர்ட்டில் கொடுப்பார். சம்மன் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். குறித்த நாளில் டவாலி (கோர்ட் சேவகர்) உங்கள் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். பதில் இல்லையென்றால் எக்ஸ்பார்ட்டி, அதாவது நீங்கள் இல்லாமலே வழக்கு நடக்கும். அண்ணன் மட்டும் கூண்டேறிச் சாட்சி சொல்வார், அவர் சொன்னபடியே டிக்ரி (கோர்ட்டின் முடிவு உத்தரவு) ஆகலாம்.

ஒரு அம்மா, டிக்ரியை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுவில் அமீனா வீட்டைக் காலி செய்ய வந்த பிறகுதான் கோர்ட்டுக்கு ஓடி வந்தார். கையில் நாலாய் மடித்த சம்மன். சாமி படத்துக்குப் பின்னால் மூன்று வருடமாக வைத்திருந்தாராம். மஞ்சள் கறை படிந்த அந்தத் தாளை என் மேசையில் வைத்து “இப்ப பதில் சொல்லலாமா?” என்று கேட்டார். இன்றைக்கும் அந்தத் தாள் என் கண்ணிலேயே நிற்கிறது.

உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வக்காலத்து (வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) போடுங்கள். வழக்குக்குப் பதிலான எதிருரை தாக்கல் செய்ய 30 நாள், காரணம் சொன்னால் 90 நாள் வரை. ஒருவேளை எக்ஸ்பார்ட்டி டிக்ரியே ஆகிவிட்டாலும், அதை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனுப் போடலாம். வக்கீலுக்குக் காசில்லை என்று சும்மா இருக்காதீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவானாலும் இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம்.

தம்பியைக் கொலை வழக்கில் பிடித்தார்கள். மாஜிஸ்திரேட் 15 நாள் உள்ளே அனுப்பிவிட்டார். அவரே தீர்ப்பும் சொல்வாரா? (சேலம் வாசகர்)

சொல்லமாட்டார். கைது செய்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், அவர் ரிமாண்ட் செய்வார், அதாவது காவலில் வைக்க உத்தரவிடுவார். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் கொடுக்கக்கூடிய சிறைத் தண்டனையே மூன்று வருடம் வரைதான். கொலை வழக்கை நடத்துவது அமர்வு நீதிமன்றம், ஜாமீன் மனுவும் அங்கேதான். அங்கே தள்ளுபடியானால் ஹைகோர்ட். இந்த மாதிரி வழக்கில் 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போடவில்லையென்றால் ஜாமீன் கேட்பது உங்கள் தம்பியின் உரிமை. அந்த நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அவர்கள் போட்ட பிறகு கேட்டால் அந்த உரிமை போய்விடும்.

கரூர்க்காரன் நான். ஹைகோர்ட் சென்னையா, மதுரையா?

மதுரை. 2004 ஜூலையில் அந்தக் கிளை திறந்ததிலிருந்து கரூர், திருச்சி, தஞ்சாவூர் உட்படத் தென்மாவட்டங்கள் எல்லாம் அங்கேதான். கோவை, ஈரோடு, சேலமெல்லாம் சென்னை.

கோர்ட்டில் தமிழில் பேசலாமா?

கீழ்க் கோர்ட்டுகளில் தமிழ்தான் நீதிமன்ற மொழி. ஹைகோர்ட்டில் அரசமைப்புச் சட்டம் 348-ஆம் பிரிவின்படி ஆங்கிலம். 2006-இலேயே சட்டமன்றம் தமிழுக்காகத் தீர்மானம் போட்டது. அலகாபாத், பாட்னா ஹைகோர்ட்டுகளில் இந்திக்கு அனுமதி இருக்கும்போது நமக்கு இல்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சமரசத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போது தொகை குறைவு என்று தோன்றுகிறது. அப்பீல் போகலாமா? (விழுப்புரம் வாசகர்)

முடியாது. அதற்கு மேல்முறையீடே கிடையாது. நீங்கள் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

தீர்ப்பு வந்து 40 நாள் ஆகிவிட்டது. முன்சீப் கோர்ட் கேஸ். அப்பீல் காலாவதியா? (உசிலம்பட்டி வாசகர்)

நகல் மனு என்றைக்குப் போட்டீர்கள்? அப்பீலுக்கு 30 நாள்தான். ஆனால் நகலுக்கு ஆகும் நாட்களை அதில் கழிக்க வேண்டும். சான்றிட்ட நகலில் ஒரு முத்திரை இருக்கும். மனு கொடுத்த நாள், நகல் தாள் கேட்ட நாள், தாள் கொடுத்த நாள், தயாரான நாள் என்று வரிசையாகத் தேதிகள். அப்பீல் பிரிவில் முதலில் பார்ப்பது அதைத்தான். தீர்ப்பு வந்த ஐந்தாம் நாளே மனுப் போட்டு, முப்பத்தெட்டாம் நாள் தயாரானது என்றால் உங்களுக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது. மனுவே போடவில்லையென்றால் நாளைக் காலையிலேயே போடுங்கள். அப்பீலோடு தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் சேர்க்க வேண்டிவரும். ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி ஏதாவது காரணம் காட்டும் காகிதம் இருந்தால் தேடி எடுத்து வையுங்கள்.